உண்ண மறுத்த எலி: ஒரு மூளைக் காயத்தின் வழக்கு

கூண்டுக்குள் தீனி இருக்கிறது, தண்ணீரும் இருக்கிறது. அறுவை முடிந்து மயக்கம் தெளிந்துவிட்டது. எலி கண்ணைத் திறந்தபடி ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் சாப்பிடவில்லை. வாயில் ஊட்டினாலும் துப்பிவிடுகிறது. அப்படியே விட்டால் சில நாட்களில், தீனிக்குப் பக்கத்திலேயே, பட்டினி கிடந்து சாகிறது.

1950களில் பல ஆய்வகங்கள் பதிவு செய்த காட்சி இது. தொடங்கி வைத்தவர்கள் பால் கிருஷ்ண ஆனந்தும் ஜான் ப்ரோபெக்கும். இடம் யேல் பல்கலைக்கழகம், ஆண்டு 1951. (ஆனந்த் பின்னாளில் டெல்லி எய்ம்ஸில் உடலியல் துறையைக் கட்டியெழுப்பியவர்.) மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைப்போதலாமஸ் என்ற சிறு பகுதியில், அதன் பக்கவாட்டில், மெல்லிய மின்முனையை இறக்கி மின்சாரம் பாய்ச்சி ஒரு சிறு திட்டைச் சுட்டழித்தார்கள். ஒரு பக்கம் மட்டும் அழித்தபோது பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. இரண்டு பக்கமும் போனதும் எலி உணவைத் தொடவில்லை. ஆகவே அந்த இடத்துக்கு ‘உண்ணும் மையம்’ என்று பெயர் விழுந்தது.

இந்த ஆய்வு அந்தப் பெயரைப் பற்றியது. அது சரிதானா என்று பார்க்க முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. எலி மாறவில்லை, மூளையின் இடமும் மாறவில்லை. மாறியது அழிக்கும் முறைதான். மின்சாரத்தின் இடத்துக்கு நரம்பு நச்சுகள் வந்தபோது, ஒரே காயம் என்று நினைத்தது பல காயங்களாகப் பிரிந்தது.

முதல் தீர்ப்பு

அந்தக் காலத்தில் பெயர் கச்சிதமாகப் பொருந்தியது. 1940இல் ஹெதரிங்டனும் ரான்சனும் ஹைப்போதலாமஸின் நடுப்பகுதியில் காயம் உண்டாக்கியபோது எலிகள் கொழுத்துப் பெருத்திருந்தன. நடுவில் அழித்தால் கொழுக்கிறது, பக்கத்தில் அழித்தால் பட்டினி கிடக்கிறது. அப்படியென்றால் நடுவில் ‘போதும்’ என்று சொல்லும் மையம், பக்கத்தில் ‘சாப்பிடு’ என்று சொல்லும் மையம். 1954இல் எலியட் ஸ்டெல்லார் இதை ஒரு முழுக் கோட்பாடாகவே வடித்துக் கொடுத்தார். பாடநூல்கள் படம் போட்டு ஏற்றுக்கொண்டன. ஒரு விசைக்கு எதிரே இன்னொரு விசை என்ற அமைப்பு மாணவர் மனதில் சட்டென்று பதியும் என்பதும் அதற்கு உதவியது.

முதல் நெருடலும் அதே 1954இல்தான் வந்தது. டைட்டல்பாமும் ஸ்டெல்லாரும் இந்த எலிகளைச் சாக விடாமல் குழாய் வழியாக உணவு செலுத்திக் காப்பாற்றிப் பார்த்தார்கள். நாட்கள் போகப் போக, சில எலிகள் தாமாகவே உண்ணத் தொடங்கின. முதலில் ஈரமான, ருசியான உணவு மட்டும். அப்புறம் சாதாரணத் தீனி. கடைசியில் தண்ணீர். 1962இல் டைட்டல்பாமும் எப்ஸ்டீனும் இந்த மீட்சியை நான்கு கட்டங்களாக விவரித்தார்கள். மையமே அழிந்துபோன பிறகு உண்ணுதல் எப்படித் திரும்பி வரும் என்ற கேள்விக்கு யாரிடமும் நல்ல பதில் இல்லை. மிஞ்சிய திசு வேலையைப் பழகிக்கொண்டது என்றார்கள். இருக்கலாம்.

இரண்டாவது நெருடல் இன்னும் பொல்லாதது. 1961இல் மோர்கேன் காட்டியபடி, ஹைப்போதலாமஸுக்கு வெளியே, இன்னும் பக்கவாட்டில் காயம் உண்டாக்கினாலும் எலி உண்ண மறுத்தது. மையத்தைத் தொடாமலே மையம் செயலிழக்கிறது என்றால், குறிபார்த்த இடமே தவறாக இருக்க வேண்டும், அல்லது அந்த வழியாக வேறு ஏதோ போய்க்கொண்டிருக்க வேண்டும்.

போய்க்கொண்டுதான் இருந்தது. பக்கவாட்டு ஹைப்போதலாமஸ் மூளையின் பெரிய நெடுஞ்சாலை ஒன்றின் ஓரத்திலுள்ள ஊர். முன்மூளைக்கும் மூளைத் தண்டுக்கும் இடையே ஓடும் நரம்பிழைகள் கற்றை கற்றையாக அதை ஊடுருவிச் செல்கின்றன. மின்முனை அந்த ஊரில் தீ வைக்கும்போது, அங்கே குடியிருக்கும் நரம்பணுக்கள் மட்டும் சாவதில்லை. எங்கிருந்தோ வந்து எங்கோ போகும் இழைகளும் அறுபடுகின்றன, இரத்தக் குழாய்களும் கருகுகின்றன. மறுநாள் எலி சாப்பிடவில்லை என்றால் யார் செத்ததால் சாப்பிடவில்லை என்று சொல்ல வழியே இல்லை.

இரண்டாவது ஆயுதம்: ஆள்மாறாட்டம் செய்யும் நச்சு

அந்த வழியே யார் போகிறார்கள் என்று முதலில் காட்டியது ஸ்வீடன். 1960களின் தொடக்கத்தில் ஃபால்க்கும் ஹில்லார்ப்பும் ஒரு முறையைக் கண்டுபிடித்தார்கள். உலர்த்திய மூளைத் திசுவை ஃபார்மால்டிஹைடு ஆவியில் வைத்து ஒளிர்வு நுண்ணோக்கியில் பார்த்தால் நரம்பணுக்கள் ஒன்றுக்கொன்று செய்தி சொல்லப் பயன்படுத்தும் வேதிப்பொருட்களில் டோபமைனும் நார்அட்ரினலினும் பச்சையாகவும், செரோடோனின் மஞ்சளாகவும் ஒளிர்ந்தன. 1964இல் டால்ஸ்ட்ரோமும் ஃபுக்ஸும் இவற்றின் செல் கூட்டங்களை வரைபடமாக்கினார்கள். நடுமூளையின் சப்ஸ்டான்ஷியா நைக்ராவில் தொடங்கி, ஹைப்போதலாமஸின் பக்கவாட்டு ஓரத்தைத் தொட்டுக்கொண்டு, முன்மூளையில் அசைவை வழிநடத்தும் ஸ்ட்ரையேட்டம் வரை ஓடும் டோபமைன் பாதை அப்போதுதான் வெளிச்சத்துக்கு வந்தது.

அதை மட்டும் தனியாக வெட்ட ஒரு கத்தி வேண்டும். அந்தக் கத்திதான் 6-ஹைட்ராக்ஸிடோபமைன். டோபமைன் மூலக்கூறில் ஒரே ஒரு ஹைட்ராக்ஸில் கூடுதலாக ஒட்டியிருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். டோபமைன் நரம்பணுக்களின் சுவரில், வெளியே சிந்திய டோபமைனைத் திரும்ப உள்ளே இழுக்கும் கடத்திப் புரதங்கள் உண்டு. அவை இந்தப் போலியை அசலென்று நம்பி உள்ளே விடுகின்றன. உள்ளே போனதும் அது தானாகவே ஆக்ஸிஜனேற்றம் அடைந்து ஹைட்ரஜன் பெராக்ஸைடையும் குவினோன்களையும் உண்டாக்குகிறது, மைட்டோகாண்ட்ரியாவையும் முடக்குகிறது. அணு உள்ளிருந்தே எரிந்து போகிறது. அந்தக் கடத்தி இல்லாத பக்கத்து வீட்டு அணு தப்பித்துக்கொள்கிறது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. நார்அட்ரினலின் அணுக்களின் கடத்தியும் இதே போலியை உள்ளே இழுக்கும். அதனால் நச்சைச் செலுத்துவதற்குச் சற்று முன் டெசிப்ரமைன் என்ற மருந்தைக் கொடுத்து அந்தக் கதவை அடைத்துவிடுகிறார்கள். இந்த ஒரு முன்னேற்பாட்டை விட்டுவிட்டால் முடிவுகளின் பொருளே மாறிவிடும். பழைய கட்டுரைகளைப் படிக்கும்போது, டெசிப்ரமைன் கொடுத்தார்களா என்பதை முடிவுகளுக்கு முன்பே தேடிப் பார்ப்பது நல்ல பழக்கம்.

நச்சும் லேசில் கைக்கு அடங்கும் பொருளன்று. இரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையாது, ஆகவே மயக்க மருந்து கொடுத்து, ஸ்டீரியோடாக்ஸிக் சட்டத்தில் எலியின் தலையைப் பொருத்தி, மிக நுண்ணிய ஊசியால் குறித்த ஆழத்தில் மெதுவாகச் செலுத்த வேண்டும். வெளிச்சமும் வெப்பமும் ஆகாது. அஸ்கார்பிக் அமிலம் கலந்த உப்புநீரில் கரைத்து, பனிக்கட்டியில், இருட்டில் வைத்திருப்பார்கள். கரைசல் சிவந்து பழுப்பேறினால் நச்சு ஏற்கெனவே செத்துவிட்டது என்று பொருள். அதைச் செலுத்தினால் காயமே உண்டாகாது. ஊசி பட்ட காயம் வேறு, நச்சின் காயம் வேறு என்பதற்காக, வெறும் கரைசலை மட்டும் செலுத்திய ஒப்பீட்டு எலிகளும் கட்டாயம் வேண்டும்.

ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் உர்பன் உங்கர்ஸ்டெட் 1968இல் இந்த நச்சை மூளைக்குள் நேரடியாகச் செலுத்தி டோபமைன் போன்ற மோனோஅமீன்களை வெளியிடும் அணுக்கள் அழிவதைக் காட்டினார். 1971இல் வந்தது வழக்கைத் திருப்பிப்போட்ட சாட்சியம். டோபமைன் பாதையை இருபுறமும் 6-ஹைட்ராக்ஸிடோபமைனால் அழித்தபோது எலிகள் உண்ணவில்லை, குடிக்கவில்லை. ஆனந்தும் ப்ரோபெக்கும் பார்த்த அதே காட்சி. ‘உண்ணும் மையத்தில்’ குடியிருக்கும் அணுக்களை யாரும் குறிவைக்கவில்லை, நெடுஞ்சாலையை வெட்டியதே போதுமானதாக இருந்தது.

மைக்கேல் சிக்மண்டும் எட்வர்ட் ஸ்ட்ரிக்கரும் இதை அளவுக் கணக்காக மாற்றினார்கள். ஸ்ட்ரையேட்டத்தின் டோபமைனில் பாதி போனாலும், முக்கால்வாசி போனாலும் எலி ஏறக்குறைய சாதாரணமாகவே நடந்துகொண்டது. இழப்பு 95 சதவீதத்தை ஒட்டிப் போனபோதுதான் உண்ணுதல் நின்றது. மிச்சமிருக்கும் சில அணுக்கள் கூடுதலாக உழைத்து ஈடுகட்டுகின்றன. பார்கின்சன் நோயில் பெரும்பங்கு அணுக்கள் அழிந்த பிறகே நடுக்கம் வெளியே தெரிவதும் இதே காரணத்தால்தான். மீட்சிப் புதிருக்கும் ஒரு நியாயமான விடை இங்கே கிடைத்தது: மையம் திரும்ப முளைக்கவில்லை, தப்பிப் பிழைத்த இழைகள் பாரத்தைத் தூக்கிக்கொண்டன.

பசியா, அசைவா?

இங்கே சற்று நிற்க வேண்டும், ஏனென்றால் வழக்கிலேயே மிகச் சுவையான பகுதி இதுதான். டோபமைன் இழந்த எலி ஏன் சாப்பிடவில்லை? பசி இல்லையா?

டைட்டல்பாமின் குழு 1971இல் ஒன்றைக் கவனித்தது. பக்கவாட்டு ஹைப்போதலாமஸில் காயம்பட்ட எலிகள், மீசையைத் தொட்டாலும், மணத்தைக் காட்டினாலும், உடம்பில் மெல்லக் குத்தினாலும் அந்தப் பக்கம் திரும்புவதே இல்லை. உணவு வாசனை வருகிறது, ஆனால் அதை நோக்கி உடல் எழுவதில்லை. அதே எலியைத் தண்ணீரில் போட்டால் நீந்துகிறது. வாலை லேசாகக் கிள்ளினால், அது நீடிக்கும் வரை, எழுந்து உணவை மெல்லக்கூடச் செய்கிறது. தசை இருக்கிறது, மெல்லும் திறன் இருக்கிறது, கிளப்பிவிடும் விசைதான் இல்லை.

1989இல் கென்ட் பெரிட்ஜும் சகாக்களும் வேறொரு கோணத்தில் கேட்டார்கள். 6-ஹைட்ராக்ஸிடோபமைன் செலுத்தியதால் உண்ண மறுத்த எலிகளின் நாவில் சர்க்கரைக் கரைசலை நேரடியாகச் செலுத்தி முகத்தைப் படம் பிடித்தார்கள். இனிப்புக்கு எலி நாக்கை நீட்டி உதட்டை நக்கும், கசப்புக்கு வாயைப் பிளந்து தலையை உதறும். டோபமைன் இழந்த எலிகளும் அப்படியே செய்தன. இனிப்பு அவற்றுக்கு இனித்தது. கிண்ணத்துக்குப் போகும் உந்துதல்தான் இல்லை. டோபமைனை ‘மகிழ்ச்சி மூலக்கூறு’ என்று இன்றும் எழுதுகிறவர்கள் இந்த ஒரு சோதனையைப் படித்திருந்தால் அந்தச் சொல்லை விட்டிருப்பார்கள் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

மரபணு வழியிலும் இதே திசையில் ஒரு சாட்சியம் வந்தது. 1995இல் சூவும் பால்மிட்டரும் டோபமைனை உண்டாக்கவே முடியாத சுண்டெலிகளை உருவாக்கினார்கள். பிறந்து சில வாரங்களில் அவை அசைவு குறைந்து, உண்ணாமல் செத்தன. தினமும் எல்-டோபா (உடலில் டோபமைனாக மாறும் பொருள்) கொடுத்தபோது உண்டு பிழைத்தன. ஊசியும் இல்லை, நச்சும் இல்லை, விளைவு மட்டும் அதே.

மூன்றாவது ஆயுதம்: குடியிருப்பவரை மட்டும் கொல்வது

சரி, அப்படியானால் ஊருக்கு ஒரு வேலையும் இல்லையா, நெடுஞ்சாலைதான் எல்லாமா? 1970களின் நடுவில் பலர் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். ஆனால் கணக்கு எங்கோ இடித்தது. மின் காயம்பட்ட எலிகளில் டோபமைன் இழப்பு பெரும்பாலும் அவ்வளவு ஆழமாக இல்லை, இருந்தும் அவை பட்டினி கிடந்தன. இன்னொருவர் உடந்தையாக இருந்திருக்க வேண்டும். அவரைப் பிடிக்க, முன்னதற்கு நேரெதிரான கத்தி தேவைப்பட்டது: வழிப்போக்கு இழையைத் தொடாமல் அங்கேயே குடியிருக்கும் செல் உடலை மட்டும் அழிக்கும் ஒன்று.

அதன் விதை 1957இல் விழுந்தது. லூகாஸும் நியூஹவுஸும் குளூட்டமேட் சுண்டெலிகளின் விழித்திரையைச் சேதப்படுத்துவதைக் கண்டார்கள். 1969இல் ஜான் ஓல்னி, பிறந்த சுண்டெலிகளுக்கு மோனோசோடியம் குளூட்டமேட் கொடுத்தபோது ஹைப்போதலாமஸில் அணுக்கள் செத்ததைக் காட்டினார். நரம்பணுவைக் கிளர்ச்சியூட்டும் பொருளே அளவு மீறினால் அதைக் கொல்கிறது. வாயில்கள் திறந்தே இருக்க, கால்சியம் உள்ளே பாய்ந்து, அணு வீங்கிச் சிதைகிறது. குளூட்டமேட்டை உணரும் ஏற்பிகள் செல் உடலிலும் அதன் கிளைகளிலும் அடர்ந்திருக்கின்றன. வெறுமனே கடந்து போகும் ஆக்சானில், அதாவது நரம்பிழையில், அப்படி இல்லை. ஆக, அதே இடத்தில் ஊற்றினாலும் குடியிருப்பவர் சாகிறார், வழிப்போக்கர் பிழைக்கிறார்.

குளூட்டமேட்டை மூளை விரைவாகத் துடைத்தெடுத்துவிடும் என்பதால், எளிதில் அகலாத உறவுப் பொருட்கள் தேவைப்பட்டன. அவை கிடைத்த இடங்கள் விசித்திரமானவை. கெய்னிக் அமிலம் ஒரு சிவப்புக் கடற்பாசியிலிருந்து வந்தது. ஜப்பானில் அந்தப் பாசி வயிற்றுப் பூச்சிக்கு மருந்தாக இருந்தது. ஐபோடெனிக் அமிலம், சிவப்புத் தொப்பியில் வெள்ளைப் புள்ளி வைத்த அமானிட்டா காளானிலிருந்து வந்தது.

1978இல் கிராஸ்மனின் குழு கெய்னிக் அமிலத்தைப் பக்கவாட்டு ஹைப்போதலாமஸில் செலுத்தியது. எலிகள் உண்ணவும் குடிக்கவும் மறுத்தன, ஆனால் முன்மூளையில் டோபமைன் குறையவில்லை. ஊருக்கும் வேலை இருந்தது! இருந்தாலும் கெய்னிக் அமிலத்துக்கு ஒரு கெட்ட பெயர் உண்டு. அது வலிப்பைத் தூண்டி, ஊசி இறங்காத ஹிப்போகாம்பஸ் போன்ற தூர இடங்களிலும் அணுக்களைக் கொல்லும். ஆகவே 1984இல் வின், டார்பக், டன்னட் மூவரும் அதைவிட அடக்கமான ஐபோடெனிக் அமிலத்தைக் கொண்டு செய்து பார்த்தார்கள். அப்போது கிடைத்த எலி வேறு மாதிரி இருந்தது. உண்ணுவதும் குடிப்பதும் சில நாட்கள் குறைந்தன, எடை குறைந்தது, ஆனால் பழைய மின் காயத்தின் கடுமை இல்லை. அடுத்த ஆண்டு 6-ஹைட்ராக்ஸிடோபமைன் எலிகளோடு ஒப்பிட்டபோது, தொட்டால் திரும்பாத அந்தக் கல் நிலை இவற்றிடம் இல்லை. பிற்பாடு என்எம்டிஏ என்ற, குளூட்டமேட்டின் இன்னொரு உறவுப் பொருளைக் கொண்டு செய்த காயங்களில் குறை எங்கே இருக்கிறது என்பது தெளிந்தது. உடலில் நீர் வற்றினாலோ, சர்க்கரை கிடைக்காமல் போனாலோ சாதாரண எலி உடனே கூடுதலாகக் குடிக்கும், உண்ணும். இந்த எலிகள் அதற்கு மந்தமாகவே பதில் தந்தன. உடலின் நிலைமையைப் படித்து நடத்தைக்குச் சொல்லும் வேலைதான் அந்த ஊர்க்காரர்களுடையது.

ஆக, 1951இன் ஒரே காயத்தில் குறைந்தது இரண்டு காயங்கள் ஒளிந்திருந்தன. ஒன்று எலியைக் கல்லாக்கியது, மற்றது உடலின் செய்தி எலிக்கு எட்டாமல் செய்தது. மின்சாரம் இரண்டையும் ஒன்றாகத் தைத்து ‘பசியின்மை’ என்று காட்டியது.

சாட்சியையும் விசாரிப்பது

நச்சுகளை நம்பி இந்தத் தீர்ப்புக்கு வந்தோம் என்றால், நச்சுகளும் கூண்டில் ஏற வேண்டும். ‘குறிப்பிட்ட அணுவை மட்டும் கொல்லும்’ என்று குப்பியின் மேல் எழுதியிருப்பது ஒரு வாக்குறுதி மட்டும்தான். அளவு கூடினால் 6-ஹைட்ராக்ஸிடோபமைன் கடத்திக்குக் காத்திருக்காது, ஊசி முனையைச் சுற்றியுள்ள எல்லாவற்றையும் எரிக்கும். 1997இல் வின்னின் ஆய்வகமே தன் கருவியைச் சோதித்தது. என்எம்டிஏ செலுத்திய பக்கவாட்டு ஹைப்போதலாமஸில் இரத்த-மூளைத் தடுப்பு உடைந்திருந்தது, கடந்து செல்லும் இழைகளின் மையலின் உறை உரிந்து, பிறகு திரும்ப வளர்ந்தது. ‘தப்பிப் பிழைத்த’ இழைகள் சில காலமாவது நொண்டியிருக்கின்றன. தன் முடிவுகளையே ஐயத்துக்கு ஆளாக்கும் இப்படியொரு கட்டுரையை வெளியிட்டது இந்த வழக்கில் நான் அதிகம் மதிக்கும் செயல்.

அதனால்தான் இன்றைய ஆய்வகத்தில் காயத்தைச் செய்வது பாதி வேலை, அதைச் சரிபார்ப்பது மறுபாதி. டோபமைனை உண்டாக்க உதவும் டைரோசின் ஹைட்ராக்ஸிலேஸ் என்ற நொதிக்குச் சாயமிட்டு டோபமைன் அணுக்களை எண்ண வேண்டும், ஸ்ட்ரையேட்டத்தின் டோபமைனை அளக்க வேண்டும், காயத்தின் எல்லையைத் துண்டு துண்டாக வரைய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அழித்த எலிக்கு உயிருடன் இருக்கும்போதே ஒரு சோதனை உண்டு. டோபமைனை வெளியேற்றும் ஆம்பெட்டமைன் கொடுத்தால் காயம்பட்ட பக்கம் நோக்கிச் சுற்றும், டோபமைனைப் போல நடிக்கும் அபோமார்ஃபின் கொடுத்தால் எதிர்ப்பக்கம் சுற்றும். உங்கர்ஸ்டெட் கண்ட இந்தச் சுழற்சி, காயம் விழுந்ததா என்று மூளையை வெட்டாமலே சொல்லிவிடும். காயம் சரியாக விழாத எலிகளைக் கணக்கிலிருந்து நீக்கும் விதியை முன்கூட்டியே எழுதி வைப்பதும் இதில் அடங்கும். விலங்குகளின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும் என்ற கடப்பாட்டை வெறும் படிவமாக நினைப்பவர்கள் உண்டு. தவறான கருவியால் சேர்த்த தரவு, அதற்காக வலி பொறுத்த விலங்குகளையும் சேர்த்தே வீணாக்குகிறது என்பதை இந்தப் பழைய கட்டுரைகளைப் படித்தால் புரிந்துகொள்ளலாம்.

வழக்கு மீண்டும் திறந்தது

1998இல் பக்கவாட்டு ஹைப்போதலாமஸிலும் அதை ஒட்டிய பகுதியிலும் மட்டுமே உள்ள அணுக்கள் உண்டாக்கும் ஒரு பெப்டைடை (சிறு புரதத் துண்டை) இரண்டு குழுக்கள் தனித்தனியே கண்டுபிடித்தன. ஒரு குழு அதற்கு ஹைப்போகிரெட்டின் என்று பெயர் வைத்தது. மற்றக் குழு அதை மூளையில் செலுத்தியபோது எலிகள் கூடுதலாக உண்டன. இடமும் பழைய ‘உண்ணும் மையம்’. கிரேக்கத்தில் பசியைக் குறிக்கும் சொல்லிலிருந்து ஒரெக்சின் என்று பெயரிட்டார்கள்.

மறு ஆண்டே, இந்தப் பெப்டைடின் ஏற்பி பழுதான நாய்களுக்கும் பெப்டைடே இல்லாத சுண்டெலிகளுக்கும் நார்கோலெப்சி இருப்பது தெரிந்தது. விழித்திருக்கையில் திடீரென்று தூக்கம் கவிழும் நோய் அது. 2000இல், நார்கோலெப்சியால் துன்புற்ற மனிதர்களின் மூளையில் இந்த அணுக்கள் பெருமளவு அழிந்திருப்பது கண்டறியப்பட்டது. 2001இல் மீண்டும் ஒரு நச்சு அதே இடத்துக்கு வந்தது. சோப்பு வேர்ச் செடியிலிருந்து எடுக்கும் சப்போரின் என்ற புரதத்தை ஹைப்போகிரெட்டினோடு இணைத்து எலியின் பக்கவாட்டு ஹைப்போதலாமஸில் செலுத்தினார்கள். அந்தப் பெப்டைடுக்கு ஏற்பி வைத்திருந்த அணுக்கள் அதைப் பற்றி உள்ளே இழுத்துச் செத்தன. எலிகள் தூங்கி வழிந்தன.

1975இல் லெவிட்டும் டைட்டல்பாமும் மின் காயம்பட்ட எலிகளைப் பற்றி எழுதியபோது, அவை அசைவற்றும் தூக்கக் கலக்கத்திலும் இருந்ததைக் குறிப்பிட்டிருந்தார்கள். அந்தக் கலக்கத்தில் ஒரு பங்காவது இந்த அணுக்களின் இழப்பாக இருக்கும் என்பது என் ஊகம். அப்போது அந்த வரி பசியைப் பற்றிய கட்டுரைகளின் நடுவே ஒரு துணைக் குறிப்பாகத்தான் கிடந்தது.